வியாழக்கிழமைப் பை

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு வெல்லக்கட்டியோ ஒரு பிடி அரிசியோ போட்டுத்தான் அனுப்புவோம். ஒன்றுமே இல்லாத நாளில் நாலு கொத்து கறிவேப்பிலை. என் மாமியார் இதில் ரொம்பக் கண்டிப்பு. அவர் போன பிறகு நான் அவரைவிடக் கண்டிப்பு. இந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் பிழைப்பு போனது. பழக்கத்தால் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். பழக்கம் பாதிதான். மீதி நான்.

என் வீட்டுக்காரர் தபால் இலாகாவில் இருந்தவர். சிதம்பரத்தில் பாதித் தெருவுக்குக் கடிதம் கொண்டுபோனவர். அவருக்கு வாய்த்த நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எண் நன்றாகத் தெரியும். பஸ் போர்டு படிப்பேன், கடைப் பெயர் படிப்பேன். பொடி எழுத்தில் நாலு வரி வந்தால், இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துவிடும். கையெழுத்து மட்டும் நன்றாகப் போடுவேன். அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கேஸ் சிலிண்டர் வந்தாலும் ரிஜிஸ்தர் தபால் வந்தாலும், "கையெழுத்து போட்டாத்தான் வாங்கினதா அர்த்தம், கைநாட்டு வச்சு என் மானத்த வாங்காதே" என்பார். ஒரு மாசம் பழகி, சுழி எல்லாம் சரியாக வரும்படி போட்டுக் காட்டினேன்.

அவர் 2008-ல் போய்விட்டார். நான் பேப்பரை நிறுத்தவில்லை. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் மாதிரியே பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். படம் பார்ப்பேன், பக்கம் புரட்டுவேன். எதிர்வீட்டு டீச்சரம்மா கோலம் போட்டுக்கொண்டே, "பேப்பர்ல என்னங்க விசேஷம்?" என்று கேட்பார். "என்னத்த, எல்லாம் கொலையும் கொள்ளையும்தான்" என்பேன். எந்த நாளுக்கும் அது பொருந்தும். எங்கள் தெருவில் என்னைப் படித்தவள் என்றுதான் நினைத்திருந்தார்கள். நானும் இல்லை என்று யாருக்கும் சொன்னதில்லை.

மகன் பெங்களூரில். எனக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி ஒருநாள் குளியலறையில் விழுந்தேன். சித்திரையில் வந்து பத்து நாள் இருக்கிறேன் என்று ஃபோனில் சொன்னான். வரவில்லை. அவனுக்குப் பதிலாகப் பை வந்தது.

கடலூரில் இரண்டு பையன்கள், படித்தவர்கள், வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்திருந்தார்கள். மருந்தடிக்காத, உரம் போடாத காய்கறியை விவசாயிகளிடம் வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே அனுப்புவது. மகன் கம்ப்யூட்டரில் பார்த்து எனக்காகச் சந்தா கட்டிவிட்டான். "ஒரு குடும்பம்தாம்மா உனக்குன்னு போடுது. வாராவாரம் அவுங்க காயேதான் வரும். பையில நம்பர் இருக்கும் பாரு" என்றான். காடாத் துணிப் பை. அடியில் கறுப்பு மையில் பதினேழு என்று போட்டிருக்கும். வியாழக்கிழமை காலையில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர் மொபெட்டில் கொண்டு வந்து கேட்டில் மாட்டிவிட்டு, போன வாரத்துப் பையை எடுத்துக்கொண்டு போவார்.

முதல் பையைத் திறந்த அன்று மூக்கில் ஏறிய மண் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. பச்சை வரி ஓடிய கத்தரிக்காய், பாகற்காய், ஒரு பூசணித் துண்டு, முளைக்கீரை. கீரை வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது. ஒற்றை ஆளுக்கு அது ஜாஸ்தி. ஆனாலும் அன்றைக்கு மூன்று காய் சமைத்தேன். அவர் போன பிறகு நான் ஒரு காய்க்கு மேல் சமைத்ததில்லை.

பைக்குள் ஒரு பச்சைச் சீட்டு இருந்தது, வாராவாரம் அப்படி ஒன்று வரும். மேலே பதினேழு, என் வீட்டு நம்பர், தெரு. நடுவில் பொடியாக நாலு வரி. கீழே ஒரு கோடு. கோடு இருந்தால் அது கையெழுத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன் என்பதற்கு வேறு என்ன இருக்கும்? போட்டேன், நன்றாகவே போட்டேன். டீச்சரம்மாவிடம் காட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அடுத்த புதன்கிழமை பையைத் துவைத்துக் காயவைத்து மடித்தேன். மடித்த பிறகு கை நின்றது. வெறும் பையை எப்படி அனுப்புவது? அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்? கொல்லையில் எலுமிச்சை இருந்தது. ஆறு பழம் பறித்துப் போட்டு, மேலே கையெழுத்துப் போட்ட சீட்டை வைத்து, கேட்டில் மாட்டினேன். மனசு நிறைந்திருந்தது.

எலுமிச்சைக்குப் பதில் ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை என் கொல்லைக் கத்தரிக்காய், ஊதா நிறத்தில் நல்லதாகப் பார்த்து அரைக்கிலோ வைத்தேன். அதற்கடுத்த வியாழன் பையில் வழக்கமான காயோடு, தனிப் பொட்டலத்தில் அரைக்கிலோ கத்தரிக்காய் கூடுதலாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லையே, மரியாதை தெரிந்தவள் என்று நினைத்தேன். பெண்பிள்ளைதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது, ஆம்பிளைக்கு இதெல்லாம் தோன்றாது. முருங்கைக்காய் வைத்தேன், முருங்கைக்காய் வந்தது. பாகற்காய் வைத்தேன், பாகற்காய் வந்தது. அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. இந்த மாதிரி நாத்தனார் எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது.

மகனிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றான், மீட்டிங் இருக்குது என்றான்.

இப்படி மூணு மாசம் போலப் போனது. அந்த மூணு மாசமும் நான் நன்றாக இருந்தேன். புதன்கிழமை வந்தால் கொல்லையில் நின்று, இந்த வாரம் அவளுக்கு எதை வைக்கலாம் என்று யோசிப்பேன். அப்படி யோசிக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

அது 2010, ஆவணி மாசம். காலை பத்து மணி இருக்கும். கேட்டில் ஒரு பெண் நின்றாள். நாற்பது, நாற்பத்தைந்து வயசு. கையில் ஒயர் கூடை. வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது.

"பதினேழாம் நம்பர் பை இந்த வீட்டுக்குத்தானேம்மா வருது?" என்றாள்.

அவளேதான் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நடையில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், காபி கலந்தேன். அவளுடைய கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். நானே பேசிக்கொண்டிருந்தேன். அவள் காபியைத் தொடவில்லை.

"நல்லா இருக்குதுன்னுதான் சொல்றீங்க. பின்ன ஏம்மா குறை சொல்லி அனுப்புறீங்க?"

"யாரு? நானா?"

கூடையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். வாடிப்போன ஊதாக் கத்தரிக்காய். சுருங்கிய முருங்கைக்காய். அப்புறம் பச்சைச் சீட்டுகள் இரண்டு. இரண்டிலும் என் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே? காய்ல குறை இருந்தா, அந்தக் காயப் பையிலயே வச்சி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, வேற காய் தர்றோம்னு இதுல போட்டிருக்குது. ஒவ்வொரு வாட்டியும் எம் பங்குலேர்ந்துதாம்மா உங்களுக்கு வேற காய் வச்சாங்க. பதினோரு வாட்டி. அடுத்த வாட்டி வந்தா லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க."

எனக்கு எல்லாம் அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அந்த எலுமிச்சைக்கு ஏன் பதில் வரவில்லை, கத்தரிக்கு ஏன் கத்தரியே வந்தது, எல்லாம் ஒரே நொடியில். அவள் போடாத எலுமிச்சையை வைத்துக்கொண்டு குடோனில் என்ன செய்வார்கள்?

வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அவள் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்தாள்.

"இது எஞ் செடிக் காயே இல்ல. எங்கிட்ட ஊதாக் கத்தரியே கெடையாது. நல்ல காய எடுத்து வச்சிக்கிட்டு, எங்கயோ வாங்குன காயத் திருப்பி அனுப்புறீங்களா? கேக்குறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்குதும்மா. இவ்ளோ பெரிய வீட்டுல இருந்துக்கிட்டு."

வாசல் கதவு திறந்திருந்தது. எதிரே டீச்சரம்மா கேட்டில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வேண்டியது மூணே வார்த்தை. எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அதைச் சொல்லியிருந்தால் போதும். மீதியெல்லாம் தன்னால் வெளியே வந்திருக்கும். எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஒருத்தி என் வீட்டு நடையில் உட்கார்ந்து என்னைத் திருடி என்கிறாள், தெரு பார்க்கிறது, அந்த நேரத்தில் நான் தற்குறி என்றும் சேர்த்துச் சொல்வதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங் காய்ல புழு" என்றேன். "புழுக் காயத் தூக்கிப் போடாம திருப்பி அனுப்புனது என் தப்பு. என் வீட்டுக்கு வந்து என்னையே கேள்வி கேக்குறியா?"

"மருந்தடிக்காத காய்ல ஒண்ணு ரெண்டு புழு இருக்கும்தாம்மா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "தப்பா பேசியிருந்தா மன்னிச்சிக்குங்க. கடலூருக்கு ஒரு ஃபோன் மட்டும் பண்ணுங்க. காய் பரவாயில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. குத்தகை நெலம்மா அது. மூணு வருசம் சாணியும் தழையுமாக் கொட்டி இப்பதான் மண்ணு மண்ணா ஆயிருக்குது. லிஸ்ட்ல பேர் இல்லன்னா நெலத்துக்காரர் தை மாசம் சவுக்கு போட்டுருவாரு."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அவள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். காயையும் சீட்டையும் தரையிலேயே விட்டுவிட்டுப் போனாள். காபியில் ஆடை படிந்திருந்தது.

"யாருங்க அது?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"ஏதோ உதவி கேட்டு வந்தா" என்றேன்.

ஃபோன் பண்ணவில்லை. முதல் நாள் கோபத்தில். இரண்டாம் நாள், என்ன சொல்வது என்று தெரியாமல். அப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்று. இரண்டு வாரம் கழித்து வந்த பையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நாலு என்று போட்டிருந்தது. நான் அதற்குப் பிறகு ஒன்றும் வைக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அப்படியிருந்தும் பதினேழு இல்லை. கடைசியாக நான் வைத்து அனுப்பிய பாகற்காய் அவள் வந்துபோன சமயத்தில்தான் கடலூர் போய்ச் சேர்ந்திருக்கும். அதுதான் பன்னிரண்டாவது.

மொபெட்காரரைக் கேட்டேன். "அந்தம்மாவ எடுத்துட்டாங்கம்மா. கம்ப்ளெயின்ட் ஜாஸ்தியாம். பாவம், நல்ல காய்தான் போட்டுச்சு" என்றார். யாருடைய கம்ப்ளெயின்ட் என்று அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

நாலாம் நம்பர் காய் எனக்கு இறங்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் கடலூர் பஸ் ஏறினேன். மழை. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதுதான் அந்தப் பையன்களின் ஆபீஸ். ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். மரியாதையான பையன். எழுந்து நாற்காலி கொடுத்தான்.

பதினேழாம் நம்பர் காயில் ஒரு குறையும் இல்லை, மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவன் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து பிரித்தான். என் சீட்டுகள். ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தான். சுழி எல்லாம் சரியாக விழுந்திருந்தது.

"அவுங்க உங்க வீட்டுக்கே வந்துட்டாங்களாமே. அது தப்பும்மா. நீங்க இரக்கப்பட்டு வந்திருக்கீங்க, எனக்குப் புரியுது" என்றான்.

"இரக்கம் இல்லப்பா. நெசமாவே நல்ல காய்."

"அப்ப எதுக்கும்மா கையெழுத்துப் போட்டீங்க?"

திட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அங்கே டீச்சரம்மா இல்லை, தெரு இல்லை. அவனும் நானும் மட்டும், தகரத்தில் மழைச் சத்தமும். தபால்காரர் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியாது. அவன் யாரோ, நான் யாரோ. அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

"மறதிப்பா. வயசாயிடுச்சு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பன்னிரண்டு தடவை மறதியா என்று அவன் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்து ஏற்றிவிட்டான். அது எனக்கு அடி வாங்கினது மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். அவள் என் நடையில் விட்டுப்போன பச்சைச் சீட்டு என்னிடம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று முன்னாலேயே தெரியும், அதனால் சுலபமாக இருந்தது. குறை என்கிற சொல்தான் நான் முதலில் முழுசாகப் படித்தது. அப்புறம் காலண்டர் தாள், மருந்துப் பெட்டி, பேப்பர். தை பிறந்தபோது பெரிய எழுத்துச் செய்தியை நிறுத்தாமல் படிப்பேன். தை பிறந்துவிட்டது என்பதையும் அதில்தான் படித்தேன். தெரியாதது இல்லை. அவளைப் பார்க்கப் போகவேண்டும் என்று நினைத்து நினைத்து, போகாமல் இருந்தேன்.

மாசியில் போனேன். மொபெட்காரரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டேன். குறிஞ்சிப்பாடியில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஒரு டஜன் வாழைப்பழம், கொஞ்சம் இனிப்பு, ஒரு ரவிக்கைத் துணி, எல்லாம் ஒரு துணிப்பையில் எடுத்துப் போயிருந்தேன். நிலத்தை ஆட்டோக்காரரே காட்டினார். செம்மண். வரிசை வரிசையாகச் சவுக்குக் கன்று, முழங்கால் உயரம். வெட்டுகிற வரைக்கும் நாலைந்து வருஷம் அங்கே வேறு ஒன்றும் போட முடியாது. வரப்பில் ஒரு கத்தரிச்செடி மட்டும் தப்பி நின்றது. பச்சை வரிக் கத்தரி. பிஞ்சு விட்டிருந்தது.

அவள் முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையில் இருந்தாள். தரையில் உட்கார்ந்து, கட்டையால் தட்டி உடைத்துப் பருப்பைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முந்திரிப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"கையப் பாக்காதீங்கம்மா. இப்படித்தான் ஆவும்" என்றாள்.

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, எப்படியோ உட்கார்ந்தேன். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். உன் காயில் புழு இல்லை. அது என் கொல்லைக் காய், வெறும் பையை அனுப்பக் கூடாதே என்று உனக்காக வைத்தது. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாது.

அவள் இரண்டு கொட்டையை உடைத்தாள்.

"எனக்குந்தாம்மா தெரியாது" என்றாள். "பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்துத்தான் அந்தச் சீட்டப் படிச்சேன். உங்க வீட்டு நம்பரும் அவருதான் படிச்சிச் சொன்னாரு."

நான் பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அங்கயே ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம்" என்றாள்.

பக்கத்தில் ஒருத்தி நிஜமாகவே சிரித்தாள். "கத்தரிக்கா குடுத்துக் கெட்டுப்போன கதையால்ல இருக்குது" என்றாள். இவள் சிரிக்கவில்லை.

நான் பையை அவள் பக்கம் நகர்த்தினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பழத்தையும் இனிப்பையும் துணியையும் எடுத்து ஒரு முறத்தில் வைத்தாள். பையை உதறினாள். உதறிவிட்டு ஒரு நிமிஷம் சுற்றிலும் பார்த்தாள். எனக்குத் தெரியும், எதைத் தேடினாள் என்று. கொட்டகை முழுக்க முந்திரி. ஒரு பருப்பு அவளுடையது இல்லை. எல்லாம் முதலாளிக்கு எடைபோட்டுக் கொடுக்கவேண்டியது.

பையை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"போட ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது அந்த வரப்பைக் கடக்க வேண்டியிருந்தது. நான் அந்தக் கத்தரிச்செடியைப் பார்க்கவில்லை.

சந்தாவை நிறுத்தச் சொல்லி மகனிடம் சொன்னேன். ஏம்மா, காய் நல்லா இல்லையா என்று கேட்டான். நல்லாத்தான் இருக்குது, ஒத்த ஆளுக்கு ஜாஸ்தி என்றேன். இப்போது கீழ வீதிப் பக்கம் தள்ளுவண்டியில் என்ன இருக்கிறதோ அதை வாங்கி ஒரு காய் சமைக்கிறேன். கொல்லையில் எலுமிச்சை பழுத்து விழுகிறது.

காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறேன். இப்போது நிஜமாகவே படிக்கிறேன், மெதுவாக, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். டீச்சரம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. "பேப்பர்ல என்னங்க விசேஷம்?" என்கிறார். அந்தக் கொட்டகையில் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னதை இவரிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"என்னத்த, எல்லாம் கொலையும் கொள்ளையும்தான்" என்கிறேன்.